கோரைமுனை மாப்பிள்ளை

முதலில் அது வெறும் சத்தம்தான், சொல்லானது பிறகு. உப்புக்காற்று முகத்தில் அறைந்துகொண்டிருந்த ஒரு மார்கழிக் காலையில், கடலுக்கும் காட்டுக்கும் நடுவே கிடந்த புல்வெளியின் விளிம்பில் நின்று, என் சித்தப்பா மகள் குமுதவல்லி வலது கையை நீட்டி, கழுத்து நரம்பு புடைக்க ஒரு குரல் கொடுத்தாள். அது கோரைப்புல்லின் தலைகளை மிதித்துக்கொண்டு ஓடி, தூரத்துச் சேற்றில் நின்ற பூநாரைகளை எழுப்பிவிட்டு, காட்டின் முகத்தில் மோதித் திரும்பி வந்தது. திரும்பி வந்ததில் என்ன சொல் இருந்தது என்பதைப் பற்றி எங்கள் குடும்பத்தில் இன்றைக்கும் இரண்டு கட்சி. "அதான்" என்று சொன்னேன், தேடி வந்த மான் அதுதான் என்று காட்டினேன் என்றாள் குமுதா. "அத்தான்" என்று கூப்பிட்டாய் என்றார்கள் மற்றவர்கள். நாக்கு பல்லுக்குப் பின்னால் ஓர் இமைப்பொழுது கூடுதலாக நின்றதா, நிற்கவில்லையா என்பதுதான் வழக்கு. அந்த இமைப்பொழுதுக்குள் ஒரு பெண்ணின் மீதி வாழ்க்கை முழுவதும் மாட்டிக்கொண்டு கிடந்தது.

நாங்கள் விடுமுறைக்கு வந்திருந்தோம். நீடாமங்கலத்தில் பஸ் ஏறி, வேதாரண்யத்தில் மாறி, உப்பளங்களைத் தாண்டி, தார்ரோடு முடிந்து மணல் தொடங்கும் இடத்தில் இறங்கினால் கோரைமுனை. மீன்பிடிக்கிறவர்களின் வீடுகள், ஒரு டீக்கடை, குட்டையான முள்காடு, காட்டு இலாகாவின் பழைய ஓட்டு பங்களா ஒன்று. அதில் தங்குவதற்குச் சித்தப்பா சிங்காரவேலு யார் யாரையோ பிடித்து அனுமதி வாங்கியிருந்தார். வெளிமான் பார்க்கலாம், காட்டுக்குதிரை பார்க்கலாம், நரி பார்க்கலாம் என்று வீட்டில் எல்லோரிடமும் சொன்னார். கோயில் யானையைத் தவிர வேறு எந்த மிருகத்தையும் நின்று பார்த்தறியாத மனிதர் அவர். நான் அப்போதே சந்தேகப்பட்டேன். சித்தப்பா, சித்தி நாகரத்தினம், அவர்களுடைய ஒரே பெண் குமுதா, சித்தப்பாவின் அக்கா தையல்நாயகி அத்தை, அத்தையின் மகன் கனகசபை, குமுதாவுக்குத் துணை என்று நான். மிருகம் பார்க்கப் போகிற குடும்பம் பட்டுப்புடவையும் பன்னீர்ச் சொம்பும் எடுத்துப் போகாது. அத்தையின் டிரங்குப் பெட்டியில் இரண்டும் இருந்தன.

எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. முறைப்பையனுக்குப் பெண்ணைப் பேசும்போது, பரிசம் போடுவதற்கு முன்னால், அந்தப் பெண் பெரியவர்கள் காதில் விழும்படி அவனை ஒருமுறை "அத்தான்" என்று கூப்பிட வேண்டும். முறை சொல்வது என்பார்கள். சொல்லிவிட்டால் அது சம்மதம். சொல்லாத பெண்ணுக்குத் தட்டு மாற்றினால் அந்தக் கல்யாணம் நிற்காது என்று நம்பினார்கள். ஆகையால் எங்கள் வீட்டுப் பெண்களின் வாய்க்கு ஒரே ஒரு நாள் மட்டும் பெரிய மதிப்பு இருந்தது. குமுதா சிறு பிள்ளையாக இருந்தபோது கனகசபையை "அத்தான் அத்தான்" என்று தெருத்தெருவாகத் துரத்தியவள்தான். பாவாடைக்கு மேல் தாவணி போட்ட நாளிலிருந்து அந்தச் சொல்லை விட்டுவிட்டாள். "இந்தாங்க", "பாருங்க", "தட்டு வைக்கட்டுமா", இவ்வளவுதான். எந்த முறையும் சொல்லாமல் ஒருவனோடு பேசிக்கொண்டே இருக்கும் வித்தையை அவள் அளவுக்குப் பழகியவர்களை நான் கண்டதில்லை. பி.ஏ. கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். பரீட்சை முடிந்ததும் சென்னைக்குப் போய் பி.எட். படிக்க வேண்டும், பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது அவள் ஆசை. அத்தைக்குத் தையிலேயே பரிசம் போட்டாக வேண்டும். "கரும்பலகைக்கு எதிர்க்க நிக்கிற பொண்ணு நாளைக்கு என் வீட்டு அடுப்புக்கு எதிர்க்க நிக்குமா?" என்று அவள் சித்தப்பாவைக் கேட்டாள். ஊரில் வாய் திறக்காத பெண் காற்றோட்டமான இடத்தில் திறப்பாள் என்று யாரோ அவருக்கு யோசனை சொல்லியிருக்க வேண்டும்.

கனகசபை நல்லவன். என்னைவிட இளையவன் என்பதால் நான் கனகு என்றே கூப்பிடுவேன். திருவாரூரில் உரக்கடை வைத்திருந்தான். எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் யூரியா வாசனை போகாது என்று அவனே சொல்லிச் சிரிப்பான். "அத்தான்" என்ற அந்தச் சொல்லுக்காக அவன் எத்தனை வருஷமாகக் காது கொடுத்துக்கொண்டிருந்தான் என்பது, குமுதா பேசும்போதெல்லாம் அவன் தலை லேசாகச் சாய்வதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

வந்த புதிதில் ஒரு மிருகமும் கண்ணில் படவில்லை. காட்டு வாட்சர் பக்கிரிசாமி விடியும் முன்னே எழுப்பி, முள்ளிலும் சேற்றிலும் நடத்திக்கொண்டு போய், காலியான வெளிகளைக் காட்டினான். "நேத்து சாயங்காலம் இங்கதான் சார் கும்பலா நின்னுச்சு" என்பான். புழுக்கையைக் காட்டுவான், குளம்புத் தடத்தைக் காட்டுவான். "இவன் நமக்கு மானைக் காட்டுறானா, இல்ல மானுக்கு நம்மளக் காட்டுறானா?" என்றாள் அத்தை. அவன் ஆட்டுப் புழுக்கையை அள்ளிக்கொண்டு வந்து முன்கூட்டியே போட்டு வைக்கிறான் என்று சித்தப்பா என் காதில் சொன்னார். இரவல் வாங்கி வந்த பைனாகுலரை அவர் மானுக்காகத் தூக்கியதைவிடப் பக்கிரிசாமியைக் கண்காணிக்கத் தூக்கியதுதான் அதிகம்.

பிறகு அந்தக் காலை. எல்லோரும் வரிசையாக நின்றுகொண்டிருந்தோம். குமுதா முன்னால், அவளுக்குப் பக்கவாட்டில் சற்றுத் தள்ளிக் கனகு, அவனுக்கு அப்பால் ஒரு சங்கஞ்செடிப் புதர். சத்தம் எழுந்தது. "என்னம்மா?" என்று கனகு திரும்பினான், முகமெல்லாம் விரிந்து, பல வருஷத்துக் கதவு ஒன்று திறந்தவனைப் போல. அதே கணத்தில் புல்வெளியின் நடுவே, கருத்த முதுகும் வெள்ளை வயிறும் திருகிய கொம்புமாக நின்றிருந்த கலைமானும் திரும்பியது. திரும்பிய மான் ஓடவில்லை. தலையை நிமிர்த்தி, ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து, அழைத்துக் கூட்டிப்போக ஆள் வந்ததும் ஜாகையை விட்டு இறங்குகிற மாப்பிள்ளையின் நடையில், நேராக எங்களை நோக்கி வந்தது. வந்து, குமுதாவுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் நின்று, கூப்பிட்டாயே என்ன விஷயம் என்பதைப் போல அவளைப் பார்த்தது.

யாரும் ஆச்சரியப்படவில்லை. இதை இப்போது சொன்னால் நம்புவதில்லை, ஆனால் அங்கே அப்போது முதலில் வந்தது ஆச்சரியம் அல்ல. கூப்பிட்டது ஒரு குரல், பதில் சொன்னது இரண்டு பேர். அந்தக் கணக்குதான் எல்லோருக்கும் முதலில் உறைத்தது.

"யாரைடி கூப்பிட்டே?" என்றாள் அத்தை.

"நான் யாரையும் கூப்பிடல அத்தே. மானைப் பாத்தேன், அதான்னு சொன்னேன்."

"அதான்னு சொன்னா அது ஏன்டி வருது?"

"அதுகிட்டதான் கேக்கணும்."

கனகு திறந்த முகத்தை மெல்ல மூடிக்கொண்டான். சித்தி மட்டும் மானையும் பார்க்கவில்லை, மகளையும் பார்க்கவில்லை. அவள் கண் சங்கஞ்செடிப் புதரின் மேல் இருந்தது. அந்தச் சொல்லுக்கு மூன்றாவதாக ஓர் ஆள் அங்கே இருந்திருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது என்பதை, புடவைத் தலைப்பை அவள் இழுத்துச் செருகிக்கொண்ட வேகத்தில் புரிந்துகொண்டேன்.

மான் எங்கள் பின்னால் வந்தது. பங்களா வரைக்கும் வந்து, கேட்டுக்கு வெளியே, ஒரு பூவரச மரத்தின் நிழலில் நின்றது. புல் மேயவில்லை. படுக்கவில்லை. வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றது. நாங்கள் காப்பி குடித்தபோதும் நின்றது, சோறு தின்றபோதும் நின்றது, பொழுது சாய்ந்தபோது அதன் நிழல் நீண்டு வந்து வாசற்படியில் தலை வைத்தது.

கோரைமுனை அதை எப்படி எடுத்துக்கொண்டது என்றால், ஒரு வீட்டில் சம்பந்தி வந்து இறங்கினால் அக்கம்பக்கம் எப்படி எடுத்துக்கொள்ளுமோ அப்படி. முதலில் டீக்கடை அஞ்சம்மா வந்தாள். இடுப்பில் கை வைத்து மானை மேலும் கீழும் பார்த்தாள். "கண்ணு நல்லாருக்கு. கொம்பு ரெண்டும் ஒத்த அளவு. என்ன, கொஞ்சம் கறுப்பு" என்றாள். பிறகு மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு மற்றப் பெண்கள் வந்தார்கள். மான் அத்தான் முறையானால் தங்களுக்கு என்ன முறை என்று கணக்குப் போட்டார்கள். குமுதா இந்த ஊரில் தங்கியிருப்பதால் இந்த ஊர்ப் பெண், ஆகவே மான் இந்த ஊருக்கே மாப்பிள்ளை என்று முடிவாயிற்று. அதற்குப் பின் அந்தப் பாதையில் போகிற வயதான பெண்கள் மாப்பிள்ளைக்கு முன்னால் நிமிர்ந்து நடக்கக் கூச்சப்பட்டுத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஒதுங்கி நடந்தார்கள். கொழுந்தி முறை வருகிற குமரிப் பெண்கள் ஒதுங்கவில்லை. "என்னா மச்சான், வெயில்ல நிக்கிறீங்க, அக்கா உள்ள கூப்பிடலியா?" என்று கேட்டுவிட்டு ஓடினார்கள். வாழைப்பழம் வந்தது, கருவாட்டுக் குழம்பு வந்து திரும்பிப் போயிற்று, ஒரு சொம்பில் தண்ணீர் வந்தது. மான் எதையும் தொடவில்லை. "பொண்ணு வாயால சொல்லாம மாப்பிள்ளை கை நனைக்க மாட்டாரு" என்றாள் அஞ்சம்மா, அதில் ஒரு மரியாதையோடு.

பக்கிரிசாமிக்குத்தான் பெரிய சங்கடம். "இது காட்டு இலாகா மிருகம். அரசாங்கத்துச் சொத்து" என்று அவன் கூட்டத்தை விலக்கப் பார்த்தான்.

"அப்ப கவர்மெண்டு மாப்பிள்ளைன்னு சொல்லு" என்றாள் அஞ்சம்மா. "ஆச்சி, உங்க தம்பி மகளுக்கு அதிர்ஷ்டம்தான். உரக்கடையாவது ஒருநாள் நொடிச்சுப்போகும், இது பென்ஷன் வர்ற எடம்."

கூட்டம் சிரித்தது. அத்தை சிரிக்கவில்லை. கனகு சிரித்தான், ஆனால் ஒரு கணம் தாமதமாக.

சிரித்தார்களே தவிர, அவர்களும் எங்களை நம்பவில்லை. வெளியூர்க்காரர்கள் உள்ளங்கையில் எதையோ தடவிக் கொண்டுவந்து மானுக்கு மருந்து வைத்துவிட்டார்கள் என்று ஒரு பேச்சு கிளம்பியது. நாங்கள் போகும்போது மானும் பின்னாலேயே போய்விட்டால் பக்கிரிசாமியின் வேலை போகும், ஆகையால் அவன் எங்கள் பைகளைப் பார்க்க வேண்டும் என்றான். அத்தை டிரங்குப் பெட்டியைத் திறந்து காட்டினாள். பட்டுப்புடவையைப் பார்த்த அவன் கண் இன்னும் சுருங்கியது. "மான் பாக்க வந்தவங்களுக்கு இது எதுக்கும்மா?" என்றான். அதற்கு அவளால் உண்மையைச் சொல்ல முடியவில்லை. ஆகவே அவள் சந்தேகத்தைத் திருப்பிக் கொடுத்தாள். இந்த ஊரில் யாரோ செய்வினை வைத்திருக்கிறார்கள், நல்ல குடும்பத்துப் பெண் கிடைத்தால் இழுத்து நிறுத்திக்கொள்வது இவர்கள் வழக்கம் என்றாள். சித்தப்பா வேறு ஒன்று நம்பினார். பக்கிரிசாமி குட்டியிலிருந்து வளர்த்துப் பழக்கிய மான் அது, வருகிறவர்களுக்கு வேடிக்கை காட்டி இனாம் வாங்குவதற்காக. அதை நிரூபிக்க அவர் சன்னலோரம் பைனாகுலரோடு உட்கார்ந்து, வெறும் கண்ணுக்கே நன்றாகத் தெரிகிற மானைப் பார்த்துக்கொண்டேயிருந்தார்.

சித்தி யாரிடமும் சொல்லாமல் சங்கஞ்செடிப் புதருக்குப் போய்விட்டு வந்தாள். கூடவே என்னையும் இழுத்துப் போனாள். மணலில் செருப்புத் தடம் இருந்தது, டயர் செருப்பு. "பாத்தியா?" என்றாள். தடத்தைத் தொடர்ந்து போனோம். அது வளைந்து வளைந்து காட்டு இலாகாவின் தண்ணீர்த் தொட்டிக்குப் போயிற்று. பக்கிரிசாமி தினமும் தண்ணீர் பார்க்க வருகிற பாதை. சித்தி தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். "வேற யாரும் இல்லேங்கிறதுக்கு இது சாட்சியா, இல்லே அவனே இருக்கலாம்ங்கிறதுக்கா?" என்று கேட்டாள். பக்கிரிசாமிக்குப் பேரன் எடுக்கிற வயது. சந்தேகம் வந்துவிட்டால் மனிதர்களின் வயதும் தெரிவதில்லை.

குமுதா என்ன நினைத்தாள் என்று எனக்கும் தெரியவில்லை. அவள் வாசற்படியில் உட்கார்ந்து பாடப் புத்தகத்தைப் பிரித்து வைத்திருப்பாள். மான் கேட்டுக்கு அந்தப் பக்கம். இருவருக்கும் நடுவே ஒரு பேச்சும் இல்லை. ஆனால் அவள் பக்கத்தைப் புரட்டும்போது மானின் காது திரும்பும். "உனக்குப் பயமா இல்லையா?" என்று கேட்டேன். "அது ஒண்ணும் கேக்கலியே அக்கா" என்றாள். "எத்தனையோ பேரு வாசல்ல வந்து நிக்கிறாங்க. ஒண்ணும் கேக்காம நிக்கிறது இது ஒண்ணுதான்." அதைச் சொன்னபோது அவள் உதட்டில் இருந்தது சிரிப்பா என்று இன்றைக்கும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அவளும் எதையோ மறைக்கிறாள் என்ற எண்ணம் அந்த இடத்தில்தான் எனக்குள் இறங்கியது.

ஊரில் இன்னொரு சங்கடம் முளைத்தது. பேச்சில் எத்தனை தரம் "அதான்" வருகிறது என்று அதுவரை யாரும் கவனித்ததில்லை. வலை அறுந்துவிட்டதா, அதான் வரவில்லையா, அதான் சொன்னேனே. ஒவ்வொரு தரமும் பூவரச மரத்தடியில் ஒரு தலை நிமிர்ந்தது. யாருக்கு எந்த முறை விழுந்துவிடுமோ என்று பெண்கள் வாயைக் கட்டிக்கொண்டார்கள். மூன்று பிள்ளை பெற்ற ஒருத்தியின் புருஷன், அவள் மரத்தடியில் நின்று யாரிடமோ "அதான்" என்று சொன்னதைக் கேட்டுவிட்டு, அன்றைக்குச் சாப்பிடாமல் கடலுக்குப் போனான். அதற்குப் பிறகு கோரைமுனையில் பெண்கள் எல்லோரும் "அதேதான்" என்று நீட்டிச் சொல்லப் பழகினார்கள். இப்படியே விட்டால் சரிப்படாது என்று ஊர்த் தலைவரான நாட்டார் வைரக்கண்ணு பஞ்சாயத்துக் கூட்டினார்.

மாலை வெயிலில், மரத்தடியிலேயே கூடினார்கள். சம்பந்தப்பட்டவரை வைத்துக்கொண்டுதானே பேச வேண்டும் என்று மானுக்கும் இடம் விட்டு உட்கார்ந்தார்கள். நாட்டார் கடலில் கிடந்து கறுத்த பெரிய உடம்புக்காரர், மெதுவாகப் பேசுகிறவர். என்னைக் கூப்பிட்டார்.

"நீங்க தமிழு படிச்சவங்களாமே. பக்கத்துல நின்னவங்க. சொல்லுங்க, அந்தப் பொண்ணு சொன்னதுல அந்த எழுத்து இருந்துச்சா, இல்லியா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அத்தையின் பார்வையில் மிரட்டல் இருந்தது, சித்தியின் பார்வையில் கெஞ்சல் இருந்தது, கனகுவின் பார்வையில் இரண்டும் இல்லை, அதனால் அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. "காத்து எதிர்க்காத்து" என்றேன். "மூச்சை இழுத்துக் கத்தும்போது எழுத்து தானா அழுந்தும். அவ சொன்னது ஒண்ணா இருக்கலாம், எங்க காதுக்கு வந்தது வேறயா இருக்கலாம்."

"அப்ப இருந்துச்சுன்றீங்களா, இல்லேன்றீங்களா?"

"கேட்டுச்சு. சொன்னாளான்னு தெரியாது."

"படிச்சவங்கள நடுவுல விட்டா இதான்" என்று ஒரு கிழவர் முணுமுணுத்தார். இரண்டு பக்கமும் என்னைச் சந்தேகிக்கத் தொடங்கியது அப்போதிலிருந்துதான்.

அத்தை எழுந்தாள். "அவ கூப்பிட்டது என் மகனை. கனகு என்னம்மான்னு கேட்டான், எல்லாருக்கும் தெரியும். மிருகம் நடுவுல வந்தா அது மிருகத்தோட தப்பு. முறை சொல்லியாச்சு, தையில பரிசம்."

"ஆச்சி, உங்க மகன் திரும்பினதும் நெசம், இவரு திரும்பினதும் நெசம்" என்று நாட்டார் மானைக் காட்டினார். "ஒங்க மகன் பக்கத்துல நின்னாரு. இவரு அம்புட்டுத் தூரம் நடந்து வந்திருக்காரு. அதையும் பாக்கணுமில்ல?"

"அப்ப என்ன, மானுக்குக் கட்டிக் குடுக்கச் சொல்றியளா?" என்றார் சித்தப்பா.

"யாரு சார் அப்படிச் சொன்னது? எங்க ஊர்லயும் பொம்பளப் புள்ளைங்க இருக்கு." நாட்டார் யோசித்தார். பிறகு அவர் சொன்னது அந்த ஊரில் எந்தப் பெண்ணுக்கும் தெரிந்த வழிதான், வேண்டாதவன் பின்னால் வந்தால் எல்லா ஊரிலும் பெண்கள் செய்வதுதான். "அண்ணேன்னு கூப்பிட்டுடட்டும். மானைப் பாத்து, எல்லார் முன்னாலயும், ஒரு தரம். அத்தான்ங்கிற முறை அத்தோட கழிஞ்சுபோவும். அண்ணன்னு ஆனப்புறம் எந்த ஆம்பளையும் வாசல்ல நிக்க முடியாது. மானும் ஆம்பளைதானே. அதுக்கப்புறம் மிச்சம் இருக்கறது ஒங்க மகன் திரும்பினது மட்டும்தான். தையில நீங்க பரிசம் போட்டுக்குங்க."

இது எல்லோருக்கும் பிடித்திருந்தது. அத்தைக்கு மகன், சித்தப்பாவுக்கு மானம், ஊருக்குப் பேச்சு, பக்கிரிசாமிக்கு மான். குமுதாவின் முகத்தில் மட்டும் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. இந்த ஏற்பாட்டில் பி.எட். படிப்பு எங்கே இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை. பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வா என்றாள் அத்தை. மானை அனுப்பிய கையோடு கனகுவுக்குப் பக்கத்தில் அவளை நிறுத்திப் பன்னீர் தெளித்துவிட வேண்டும் என்று அவளுக்கு எண்ணம். குமுதா மறுக்கவில்லை. பச்சைப் பட்டைக் கட்டிக்கொண்டு வந்தாள். அவள் அவ்வளவு சுலபமாகச் சம்மதித்ததைப் பார்த்துச் சித்தி என் கையைப் பிடித்தாள்.

குமுதா படி இறங்கி வந்தாள். கூட்டம் எழுந்து நின்றது. மான் நின்ற இடத்திலேயே நின்றது. அதற்கும் அவளுக்கும் நடுவே, கேட்டை ஒட்டிக் கனகு, கையில் பன்னீர்ச் சொம்போடு, எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றான்.

"சொல்லுடி" என்றாள் அத்தை. "ஒரு வார்த்தை. நாக்கு தேஞ்சா போயிடும்?"

குமுதா மானைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். அதன் கண்ணைச் சுற்றியிருந்த வெள்ளை வளையத்தில் சாயங்காலம் சிவப்பாகத் தெரிந்தது. பிறகு அவள் முகத்தைக் கொஞ்சமாகத் திருப்பினாள். அவ்வளவுதான், ஒரு சாண் திருப்பம்.

"அண்ணே" என்றாள்.

கத்தவில்லை. காற்றும் அப்போது இல்லை. வகுப்பில் கடைசி பெஞ்சுக்குக் கேட்கும்படி சொல்வதைப் போல, நிதானமாக, ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாகத் தெரியும்படி சொன்னாள். இந்தத் தடவை மான் அசையவில்லை. கனகசபை திரும்பினான்.

"அண்ணே, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. அவங்களுக்கு வழி மறைக்குது."

எல்லோரும் கனகுவைப் பார்த்தோம். அவன் நினைத்திருந்தால் கேட்காதவன்போல இருந்திருக்கலாம். மானைத்தானே சொன்னாய் என்று கேட்டுச் சிரித்திருக்கலாம். முறைப்பையன் கோபித்தால் பெரியவர்கள் அவன் பக்கம் நின்று அந்தச் சொல்லை அழித்திருப்பார்கள். அவன் தலை பழக்கத்தில் லேசாகச் சாய்ந்தது, அந்த ஒரு சொல்லை உள்ளே வாங்கி வைத்துக்கொள்ள இடம் தேடுவதைப் போல. பிறகு நிமிர்ந்தது.

"சரிம்மா" என்றான். தள்ளி நின்றான்.

அவ்வளவுதான். அழைத்தது ஒரு குரல், பதில் சொன்னது ஒரு குரல். நாட்டார் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"செல்லாது!" என்று அத்தை அலறினாள். "மானைப் பாத்துதான் சொல்லச் சொன்னீங்க. திருப்பி வாங்கச் சொல்லுங்க."

"திருப்பி வாங்கறதுக்கு இதுல சந்தேகமே இல்லியே ஆச்சி. அம்புட்டுப் பேரும் கேட்டோம். ஒங்க மகனும் ஏத்துக்கிட்டாரு." நாட்டார் என் பக்கம் திரும்பினார். "என்ன பாப்பா, இதுல எந்த எழுத்தாச்சும் தகராறு இருக்கா?"

இல்லை என்றேன். அந்த ஊரில் நான் தயங்காமல் சொன்ன ஒரே பதில் அது.

கனகு விலகிய வழியில் மான் நடந்து உள்ளே வந்தது. வாசலில் கால் கழுவ வைத்திருந்த வாளியில் வாய் வைத்துத் தண்ணீர் குடித்தது. குடித்துவிட்டுத் தலையைத் தூக்கி, ஈர மூக்கோடு, எல்லோரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, வந்த நடையிலேயே புல்வெளிக்குத் திரும்பிப் போயிற்று. "கை நனைச்சிட்டாரு" என்றாள் அஞ்சம்மா. மாப்பிள்ளை கோபமில்லாமல் போகிறார் என்பதில் ஊருக்குத் திருப்தி. அதன்பின் அந்தக் கலைமான் எப்போது தென்பட்டாலும் கோரைமுனைப் பெண்கள் பாதையை விட்டு ஒதுங்கினார்கள் என்று கேள்விப்பட்டேன்.

ஊர் திரும்பும் பஸ்ஸில் ஒவ்வொருவரும் ஒவ்வொருவரைச் சந்தேகித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நாட்டாரும் குமுதாவும் முன்பே பேசி வைத்துக்கொண்டார்கள் என்றாள் அத்தை. கனகுவுக்குத் திருவாரூரில் வேறு யாரோ இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அவன் வாய் எப்படி "சரிம்மா" என்றது என்றார் சித்தப்பா. தமிழ் படித்த நான்தான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன் என்று சித்தி நெடுநாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. நான் குமுதாவைச் சந்தேகித்தேன். முதல் சத்தத்திலேயே அவள் எல்லாவற்றையும் போட்டுவிட்டாளா, அல்லது மானை மரத்தடியில் பார்த்துக்கொண்டே யோசித்து யோசித்துப் பிடித்தாளா? கேட்டேன். அவள் சன்னலுக்கு வெளியே உப்பளங்களைப் பார்த்துக்கொண்டு, "அக்கா, மான் பாக்கத்தானே வந்தோம், பாத்தாச்சு" என்றாள்.

அவள் பி.எட். படித்தாள். பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு பெண்கள் பள்ளியில் பூகோளம் சொல்லிக்கொடுத்து, அங்கேயே தலைமையாசிரியையாகி ஓய்வு பெற்றாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கனகசபை அடுத்த வருஷம் திருத்துறைப்பூண்டியில் பெண் எடுத்தான், இரண்டு பையன்கள். கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லாத குமுதாவுக்கு ஒவ்வொரு பொங்கலுக்கும் கரும்பும் மஞ்சள்கொத்தும் பச்சரிசியும் ஒரு புடவையும் எடுத்துக்கொண்டு, தங்கைக்குச் சீர் வைக்கிற அண்ணனாக அவனே பஸ் ஏறிப் போவான், அத்தை உயிரோடு இருந்தவரை அவளுக்குத் தெரியாமல், அதன் பின் தெரிந்தே. போன ஐப்பசியில் அவன் மாரடைப்பில் இறந்தான். பெண்கள் வரிசையில் முதலாவதாக நின்று, கூடப் பிறந்தவள் முறையில் குமுதா வாய்க்கரிசி போட்டாள்.